இதழ்களைத் தேர்ந்தவர்கள்: தென்னிந்திய அறிவியல் ஆய்வும் நூலகச் சேகரங்களும், 1907–2025

1906 டிசம்பர் 25ஆம் நாள், அனந்தப்பூர் மாவட்டம் குத்தியில் துணை ஆட்சியராக இருந்த வி. ராமசாமி ஐயர், தமக்குத் தெரிந்த கணித ஆசிரியர்களுக்கும் ஆர்வலர்களுக்கும் ஒரு கடிதம் அனுப்பினார். கணிதத்தில் மேற்கொண்டு உழைக்க விரும்புவோருக்கு இந்நாட்டில் புதிய நூல்களும் ஆய்விதழ்களும் கிடைப்பதில்லை. தனியாளாக வாங்கிக் கட்டுப்படியாகாது. சிலர் சேர்ந்து சந்தா போட்டு வாங்கித் தமக்குள் சுற்றுக்கு விட்டுக்கொள்ளலாம் என்பது கடிதத்தின் சாரம். 1907 ஏப்ரலில் 20 உறுப்பினர்களோடு ‘அனலிட்டிக் கிளப்’ தொடங்கியது. சில ஆண்டுகளில் அதுவே இந்திய கணிதவியல் கழகமாக வளர்ந்தது. கழகத்தின் நூலகம் புனே ஃபெர்குசன் கல்லூரியில் இருந்தது. அங்கிருந்து இதழ்கள் அஞ்சலில் உறுப்பினர்களின் ஊர்களுக்குப் போய், படித்து முடிந்ததும் திரும்பி வந்தன.

கல்விசார் நூலக வரலாறுகள் பெரும்பாலும் கட்டடத் திறப்பு விழாவிலிருந்து தொடங்குகின்றன. இக்கட்டுரை இந்தக் கழகத்திலிருந்து தொடங்குவதற்குக் காரணம் உண்டு. இங்கே இதழைத் தேர்ந்தவரும் பணம் கொடுத்தவரும் படித்தவரும் ஒருவரே. அதற்குப் பின் வந்த ஏறத்தாழ 120 ஆண்டுகளில் இந்த மூன்று பொறுப்புகளும் ஒன்றிலிருந்து ஒன்று விலகிக்கொண்டே வந்திருக்கின்றன. ஒவ்வொரு விலகலிலும் சேகரம் பெருகியது, படிக்க வாய்ப்புக் கிடைத்தவர்களின் எண்ணிக்கை கூடியது. அதே அளவுக்கு, எந்த இதழ் வேண்டும் என்று முடிவெடுக்கும் இடம் ஆய்வாளரை விட்டுத் தள்ளிப் போனது. இந்த இரண்டு போக்குகளையும் சேர்த்துப் பார்த்தால்தான் இன்றைய நிலை விளங்கும் என்பது என் கருத்து.

கழகம் தோன்றிய காலத்தின் தட்டுப்பாடு எத்தகையது என்பதற்கு ராமானுஜனை விடக் கூர்மையான சான்று கிடையாது. கும்பகோணத்தில் 1903 வாக்கில் அவர் கைக்கு வந்தது கல்லூரி நூலகத்திலிருந்த கார் என்பவரின் தேற்றத் தொகுப்பு நூல். ஏறக்குறைய 5,000 தேற்றங்கள், நிறுவல்கள் பெரும்பாலும் இல்லை, உள்ளடக்கமும் பல பத்தாண்டுகள் பழையது. கேம்பிரிட்ஜ் தேர்வுக்குப் படிப்பவர்களுக்காக எழுதப்பட்ட அந்த நூலே அவருக்குக் கணித உலகமாக இருந்தது. சிக்கலெண் சார்புகளின் கோட்பாடு ஐரோப்பாவில் முதிர்ந்திருந்த நேரத்தில் அது அவருக்கு எட்டவில்லை. ஐரோப்பியர் முன்பே கண்டிருந்த பல முடிவுகளை அவர் மீண்டும் தனியாகக் கண்டுபிடிக்க நேர்ந்தது. மேதைமைக்கு நூலகம் தேவையில்லை என்று காட்ட இந்தக் கதையைச் சிலர் சொல்வதுண்டு. எனக்கு இது நேர்மாறாகவே படுகிறது. முப்பத்திரண்டே வயது வாழ்ந்த ஒருவர் தம் இளமையின் சில ஆண்டுகளை ஏற்கெனவே தெரிந்திருந்ததைத் தேடுவதில் செலவிட்டார். அந்த இழப்புக்கு ஈடு செய்ய வழியே இல்லை. 1910இல் அவர் உதவி தேடிச் சென்று சந்தித்தவர் அப்போது திருக்கோயிலூரில் பணியாற்றிய அதே ராமசாமி ஐயர். அவருடைய முதல் ஆய்வுக் கட்டுரை 1911இல் அந்தக் கழகத்தின் இதழில்தான் வெளிவந்தது. படிக்க இதழ் இல்லாததால் கூடியவர்கள் எழுதுவதற்கும் ஓர் இதழைத் தந்துவிட்டார்கள்.

சொந்த இதழ் ஒன்று இருப்பதில் நூலகத்துக்கு நேரடிப் பயனும் உண்டு. அதை வெளிநாட்டுக் கழகங்களுக்கு அனுப்பி, பதிலுக்கு அவர்களுடைய இதழைப் பெறலாம். இந்தப் பரிமாற்ற முறை பணம் கைமாறாத ஒரு சந்தா. 1932இல் பெங்களூரில் தொடங்கிய ‘கரண்ட் சயின்ஸ்’, 1934இல் சி. வி. ராமன் நிறுவிய இந்திய அறிவியல் அகாதமியின் நடவடிக்கை ஏடு ஆகியவற்றைப் பேசும்போது அவற்றில் வெளிவந்த கட்டுரைகளை மட்டும் பேசுகிறோம். கற்ற கழகங்களின் ஏடுகள் எதிர்த்திசையில் கொண்டுவந்து சேர்த்த இதழ்களும் அந்த வரலாற்றின் பகுதியே.

ரங்கநாதனின் அட்டைகள்

சென்னைப் பல்கலைக்கழகம் நெடுங்காலம் தேர்வு நடத்தும் அமைப்பாகவே இருந்தது. 1923ஆம் ஆண்டுச் சட்டம் அதைக் கற்பித்தலும் ஆய்வும் நடக்கும் இடமாக மாற்றியது. அடுத்த ஜனவரியில், மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்துக்கொண்டிருந்த சீர்காழிக்காரர் எஸ். ஆர். ரங்கநாதன் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராகப் பொறுப்பேற்றார். வேலை பிடிக்காமல் சில நாட்களிலேயே கல்லூரிக்குத் திரும்ப நினைத்ததும், பின் லண்டன் சென்று பயின்று 1925இல் மனம் மாறித் திரும்பியதும் பலரும் எழுதியவை. அவர் வகுத்த கோலன் பகுப்பு முறையும் நூலகவியலின் ஐந்து விதிகளும் உலகறிந்தவை. அவர் இதழ்களைக் கையாண்ட விதம் அந்த அளவுக்குப் பேசப்படுவதில்லை. அறிவியல் ஆய்வாளரைப் பொறுத்தவரை அவருடைய பெரிய கொடை அங்கேதான் இருக்கிறது என்பேன்.

நூலை வாங்கினால் வேலை முடிந்தது. இதழ் அப்படியல்ல. ஆண்டுத் தொடக்கத்தில் முன்பணமாகச் சந்தா கட்ட வேண்டும். பிறகு மாதாமாதம், சில இதழ்கள் வாராவாரம், கப்பலில் வந்துகொண்டிருக்கும். நடுவில் ஓர் இதழ் வராமல் போனால் உடனே யாரும் கவனிக்க மாட்டார்கள். ஆண்டு முடிந்து பைண்டிங்குக்கு அனுப்ப அடுக்கும்போதுதான் ஆறாம் எண் இல்லை என்று தெரியும். அப்போது பதிப்பாளருக்கு எழுதினால் இருப்புத் தீர்ந்துவிட்டது என்று பதில் வரும். தொகுதி நிரந்தரமாக ஊனப்பட்டுவிடும். அறிவியல் கட்டுரை ஒவ்வொன்றும் முந்தைய கட்டுரையின் தொகுதி எண்ணையும் பக்க எண்ணையும் சொல்லி அதன்மேல் நிற்பது. அந்தப் பக்கம் இல்லாத நூலகத்தில் ஆய்வாளரின் தேடல் அங்கேயே அறுந்துபோகும்.

இதற்கு ரங்கநாதன் வகுத்தது மூன்று அட்டை முறை. ஓர் இதழுக்கு மூன்று அட்டைகள். முதலாவது பதிவு அட்டை: பதிப்பாளர், சந்தாத் தொகை, கட்டிய நாள், ஒவ்வோர் எண்ணும் வந்து சேர்ந்த நாள் எல்லாம் இதில் ஏறும், தலைப்பின் அகரவரிசையில் இருக்கும். மூன்றாவது பகுப்பு வரிசையில் நிற்பது. நூலகத்தில் அந்த இதழின் எந்தத் தொகுதிகள் இருக்கின்றன, எந்த இணைப்புகளும் சொல்லடைவுகளும் உள்ளன என்று வாசகருக்குச் சொல்வது. நடுவிலுள்ள சோதனை அட்டைதான் முறையின் உயிர். அது அகரவரிசையிலும் இல்லை, பாட வரிசையிலும் இல்லை. அடுத்த எண் எந்த வாரம் வர வேண்டுமோ அந்த வாரத்தின் வழிகாட்டி அட்டைக்குப் பின்னால் நிற்கும். எண் வந்ததும் அட்டையை எடுத்துக் குறித்து, அதற்கடுத்த எண் வர வேண்டிய வாரத்துக்கு நகர்த்திவிட வேண்டும். வாரக் கடைசியில் நகராமல் நிற்கும் அட்டைகள் எவையோ அவையே வராத இதழ்கள். நினைவூட்டுக் கடிதம் அன்றே போகும். யாருடைய நினைவாற்றலையும் நம்பாமல், இல்லாத ஒன்றைத் தானாக வெளிக்காட்டும் ஏற்பாடு இது. அவருடைய நான்காம் விதி வாசகரின் நேரத்தைப் பற்றியது. அந்த விதி நடைமுறையில் எப்படி இருக்கும் என்பதற்கு இந்த நடு அட்டையை விட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

தேர்வைப் பொறுத்தவரை, துறையினர் பரிந்துரைப்பதும் குழு ஒப்புவதும் நூலகர் ஆணை அனுப்புவதும் பல்கலைக்கழக வழக்கமாக நிலைபெற்றன. அதாவது படிப்பவரும் தேர்பவரும் இன்னும் அருகருகே இருந்தார்கள். பணம் மட்டும் பொதுநிதிக்குப் போயிற்று. இந்த ஏற்பாட்டில் ஒரு குறை உண்டு. பேராசிரியர் ஒருவர் தம் ஆய்வுக்காகத் தொடங்கிய சந்தா அவர் ஓய்வுபெற்ற பின்னும் ஓடும்; புதிதாக வந்தவருக்கு வேண்டிய இதழுக்குப் பணம் இருக்காது. தொகுப்பு என்பது கடந்த தலைமுறை ஆய்வாளர்களின் விருப்பப் பட்டியலாகிவிடும். வாசகரின் தேவையை ஓயாமல் கணிக்க வேண்டும் என்று ரங்கநாதன் வற்புறுத்தியதும், நூலகத்தை வளரும் உயிராகப் பார்த்ததும் இந்தத் தேக்கத்துக்கு எதிராகத்தான். இப்படி வளர்ந்த பல்கலைக்கழக நூலகத்துக்கு 1936இல் சென்னைக் கடற்கரையில் சொந்தக் கட்டடம் எழுந்தது.

எண்ணிப் பார்த்தவர்கள்

எந்த இதழ் தேவை என்பதைப் பேராசிரியரின் சொல்லை விட்டு எண்ணிக்கையால் முடிவுசெய்ய முடியுமா என்ற கேள்வி இதே காலத்தில் மேற்கில் எழுந்தது. கலிஃபோர்னியாவின் பொமோனா கல்லூரியில் கிராஸ் இணையர் 1927இல் ஒரு சிறு கல்லூரியின் வேதியியல் நூலகத்துக்கு எந்த இதழ்கள் வேண்டும் என்று கேட்டார்கள். அமெரிக்க வேதியியல் கழக இதழின் 1926ஆம் ஆண்டுத் தொகுதியை எடுத்து, அதில் மேற்கோள் காட்டப்பட்ட 3,633 குறிப்புகளை இதழ்வாரியாக எண்ணினார்கள். இன்று ஆய்வாளரின் பதவி உயர்வையே தீர்மானிக்கும் ‘தாக்கக் காரணி’யின் வேர் இங்கே இருக்கிறது. நூலகரின் பணத்தைச் சிக்கனப்படுத்தப் பிறந்த அளவுகோல் மனிதரை அளக்கப் போனது பெரிய பிறழ்வு. அதைத் தனியாகத்தான் எழுத வேண்டும்.

லண்டன் அறிவியல் அருங்காட்சியக நூலகத்தின் பொறுப்பாளர் எஸ். சி. பிராட்ஃபோர்ட் 1934இல் வெளியிட்ட கணக்கு இன்னும் ஆழமானது. பயன்பாட்டுப் புவி இயற்பியல் பற்றிய 1,332 கட்டுரைகள் 326 இதழ்களில் சிதறிக் கிடந்தன. அவற்றில் வெறும் 9 இதழ்கள் 429 கட்டுரைகளைத் தந்தன. அடுத்த 499 கட்டுரைகளுக்கு 59 இதழ்கள் தேவைப்பட்டன. மிஞ்சிய 404 கட்டுரைகளைப் பிடிக்க 258 இதழ்களை அலச வேண்டியிருந்தது. ஏழை நூலகத்துக்கு இந்தக் கணக்கு ஒரே நேரத்தில் ஆறுதலும் எச்சரிக்கையுமாகும். ஒன்பது இதழுக்குச் சந்தா கட்டினாலே மூன்றில் ஒரு பங்கு கைக்கு வந்துவிடுகிறது. ஆனால் கடைசிப் பங்கை எந்தத் தனி நூலகமும், எவ்வளவு செல்வமிருந்தாலும், சொந்தமாக வைத்திருக்க முடியாது. அதைப் பிற நூலகங்களோடு பகிர்ந்துதான் பெற வேண்டும்.

பகிர்வதற்கு முதலில் யாரிடம் என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டும். 1918இலேயே ஸ்டான்லி கெம்ப் கல்கத்தாவின் முதன்மை நூலகங்களிலிருந்த அறிவியல் தொடர் வெளியீடுகளுக்கு ஒரு கூட்டுப் பட்டியல் தொகுத்திருந்தார். ரங்கநாதனும் அவருடன் உழைத்தவர்களும் தெற்காசிய நூலகங்களின் இதழ்களுக்கான கூட்டுப் பட்டியலை 1953இல் வெளியிட்டபோது, இயற்கை அறிவியல்களையே முதலில் எடுத்துக்கொண்டார்கள்.

விடுதலைக்குப் பின்: பணமும் தொலைவும்

1948இல் லண்டன் ராயல் சொசைட்டி அறிவியல் தகவலுக்காக ஒரு மாநாட்டைக் கூட்டியது. படிக உருவியல் அறிஞர் ஜே. டி. பெர்னால் அதில் முக்கியமானவர். விஞ்ஞானிகள் உண்மையில் எதைப் படிக்கிறார்கள், எப்படிப் படிக்கிறார்கள் என்று வினாப்பட்டியல் கொடுத்துக் கேட்ட ஆய்வை அங்கே முன்வைத்தார். இதழ்களை விட்டுவிட்டுக் கட்டுரைகளைத் தனித்தனியாக மையங்கள் வழியே விநியோகிக்கலாம் என்ற ஒரு திட்டத்தையும் வகுத்திருந்தார்; எதிர்ப்பு வலுத்ததால் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். இன்று நாம் கட்டுரையைத்தான் தேடுகிறோம், இதழை யாரும் புரட்டுவதில்லை என்பதை நினைத்தால் அவர் அரை நூற்றாண்டு முன்னால் இருந்தார் என்பது புரியும்.

இதே பெர்னால் சென்னைக்கு வந்தபோது, 1952இல் பல்கலைக்கழக இயற்பியல் துறைத் தலைவராகியிருந்த ஜி. என். ராமச்சந்திரனிடம், கொலாஜன் புரதத்தின் கட்டமைப்புக்கு அதுவரை சொல்லப்பட்ட மாதிரிகள் எதுவும் நிறைவாக இல்லை என்று குறிப்பிட்டார். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 1954இல் ‘நேச்சர்’ இதழில் தங்கள் மாதிரியை வெளியிட்டார்கள். 1955இல் அதைத் திருத்தி மேலெடுத்துச் சென்றபோது லண்டனிலும் கேம்பிரிட்ஜிலும் அதே சிக்கலில் குழுக்கள் உழைத்துக்கொண்டிருந்தன. அங்கே இதழ் வெளிவந்த வாரமே மேசைக்கு வந்துவிடும். சென்னைக்குக் கடல்வழித் தபாலில் வாரக்கணக்கு ஆகும். கிண்டியில் அந்த ஆய்வகம் நடந்த ஆண்டுகளில், போட்டியாளர் என்ன கண்டார் என்பதையே பிந்தித் தெரிந்துகொண்டு, அதற்குள் தம் முடிவை அச்சுக்குக் கொடுக்க வேண்டியிருந்தவர்களின் நெருக்கடியை நாம் நினைத்துப் பார்க்க வேண்டும். விஞ்ஞானியின் தகவல் தேவை என்பதில் எது, எவ்வளவு என்பதோடு எப்போது என்பதும் சேர்ந்திருக்கிறது.

பணம் பல வழிகளில் வந்தது. 1951இல் அமெரிக்கா இந்தியாவுக்குக் கொடுத்த 19 கோடி டாலர் கோதுமைக் கடனின் வட்டியிலிருந்து 50 லட்சம் டாலர் கல்விப் பரிமாற்றத்துக்கு ஒதுக்கப்பட்டு, அதில் நூல்களும் ஆய்வுக் கருவிகளும் இந்தியப் பல்கலைக்கழகங்களுக்கு வந்தன. அந்நியச் செலாவணி இல்லாத நாடுகள் உள்நாட்டுப் பணத்தில் வெளிநாட்டு நூல் வாங்க யுனெஸ்கோ கூப்பன்கள் உதவின. 1959இல் ஜெர்மன் உதவியோடு சென்னை ஐஐடி எழுந்தது. ஒன்றைக் கவனிக்க வேண்டும்: உதவியாக வரும் நூல் கொடுப்பவரின் நாட்டு நூலாகத்தான் இருக்கும். தேர்வு சற்றே வெளியே போகத் தொடங்கியது இக்காலத்தில்தான்.

1952இல் யுனெஸ்கோ துணையோடு தில்லியில் இன்ஸ்டாக் என்ற தேசிய அறிவியல் ஆவண மையம் நிறுவப்பட்டது. ஒரு கட்டுரையின் விவரத்தை எழுதிப் போட்டால், அது எந்த நூலகத்தில் இருந்தாலும் தேடி ஒளிப்படி எடுத்து அனுப்புவார்கள்; ரஷ்ய, ஜெர்மன் கட்டுரைகளை மொழிபெயர்த்தும் தருவார்கள். பிராட்ஃபோர்டின் அந்தக் கடைசிப் பங்குக்கு இந்தியா கண்ட விடை இது. முன்னே சொன்ன கணிதவியல் கழக நூலகமும் 1950இல் புனேயிலிருந்து சென்னைக்கு, ராமானுஜன் நிறுவனத்துக்கு இடம் மாறியது. 1962 ஜனவரியில் அல்லாடி ராமகிருஷ்ணன் கணித அறிவியல் நிறுவனத்தைத் தொடங்கியபோது, கோட்பாட்டு அறிவியலுக்கு ஆய்வகம் நூலகமே என்ற புரிதல் கூடவே வந்தது.

பிறகு விழுந்தது அடி. 1966 ஜூன் 6இல் ரூபாயின் மதிப்பு குறைக்கப்பட்டது, டாலர் 4.76 ரூபாயிலிருந்து 7.50 ஆயிற்று. முந்தின நாள் 476 ரூபாயாக இருந்த 100 டாலர் சந்தா மறுநாள் 750. நூலக நிதியோ ஆண்டுத் தொடக்கத்தில் ரூபாயில் முடிவானது. 1991 ஜூலையிலும் இதே நிகழ்ந்தது. டாலர் ஏறத்தாழ 21 ரூபாயிலிருந்து 26க்குப் போயிற்று. இதோடு பதிப்பாளர்கள் விலையையும் ஆண்டுதோறும் உயர்த்தினார்கள். இரண்டும் சேர்ந்து நூலகரை வெட்டுப் பட்டியல் போட வைத்தன. சந்தாவை நிறுத்துவது நூலை வாங்காமல் விடுவது போன்றதன்று. 30 ஆண்டு இடைவிடாமல் சேர்த்த தொடர் அந்த ஆண்டோடு நின்றுவிடும்; பின்னர் பணம் வந்து மீண்டும் தொடங்கினால் நடுவில் ஒரு பள்ளம் நிரந்தரமாக இருக்கும். பழைய பல்கலைக்கழக நூலகம் எதிலாவது பைண்டு செய்த தொகுதிகளின் முதுகை வரிசையாகப் பார்த்துக்கொண்டே போனால் இந்தப் பள்ளங்களைக் கண்ணால் காணலாம்.

தட்டுப்பாடு பகிர்வை மீண்டும் தூண்டியது. 1981இல் வானியல் நூலகர்கள் ‘ஃபோர்சா’ என்ற மன்றத்தை அமைத்தார்கள். 1993இல் சென்னை நூலகங்களை இணைக்க ‘மாலிப்நெட்’ வந்தது. இதற்கிடையே 1991இல் அமெரிக்காவில் தொடங்கிய ‘ஆர்க்கைவ்’ என்ற முன்பதிப்புச் சேவைக்கு இந்திய நகல் தளம் சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தில் அமைந்தது. தரமணியிலிருந்த இயற்பியலாளர் ஒருவர் பிரின்ஸ்டனில் நேற்று எழுதிய கட்டுரையை இன்று படித்தார். தொலைவு என்ற பழைய பகை, குறைந்தது இந்த ஒரு துறைக்கு, நீங்கிவிட்டது. அதுவும் சந்தா இல்லாமல்.

பொதிகள்

1996இல் அகாதமிக் பிரஸ் தன் இதழ்கள் அனைத்தையும் ஒரே பொதியாக மின்வடிவில் நூலகக் கூட்டமைப்புகளுக்கு விற்கத் தொடங்கியது. மற்றப் பெரிய பதிப்பாளர்களும் பின்தொடர்ந்தார்கள். நூலகம் பத்து இதழுக்குக் கொடுத்த பணத்தோடு கொஞ்சம் சேர்த்துக் கொடுத்தால் ஐநூறு இதழ்கள். மறுக்க முடியாத பேரம். இந்தியாவில் தொழில்நுட்பக் கல்விக்காக இன்டெஸ்ட் 2003இலும், பல்கலைக்கழகங்களுக்காக யுஜிசி இன்ஃபோநெட் அடுத்த ஆண்டிலும் இயங்கத் தொடங்கின. சிஎஸ்ஐஆர் ஆய்வகங்களுக்குத் தனிக் கூட்டமைப்பு வந்தது. பின்னர் பல்கலைக்கழகக் கூட்டமைப்புகள் 2015இல் இ-ஷோத்சிந்து என்ற ஒரே குடையின்கீழ் சேர்ந்தன. திருநெல்வேலியிலோ காரைக்குடியிலோ உள்ள பல்கலைக்கழக மாணவருக்கு அமெரிக்க வேதியியல் கழகத்தின் இதழ்கள் முதன்முறையாகத் தம் மேசையில் கிடைத்தன. இதன் மதிப்பை யாரும் குறைத்துச் சொல்லக் கூடாது. 1980களில் முனைவர் பட்டத்துக்குப் படித்தவர்கள் ஒரு கட்டுரைக்காகப் பெங்களூருக்கு ரயிலேறிய காலத்தை மறந்தவர்களே அப்படிச் சொல்வார்கள்.

ஆனால் பொதிக்குள் எந்த இதழ் இருக்க வேண்டும் என்பதைப் பதிப்பாளர் முடிவு செய்தார். வேண்டியதும் வேண்டாததும் சேர்ந்தே வந்தன. கிராஸ் இணையரும் பிராட்ஃபோர்டும் கற்றுக்கொடுத்த கணிப்புக்கு வேலை இல்லாமல் போயிற்று. பொதியில் ஒரு முறை பணம் முடங்கியதும், பொதிக்கு வெளியே உள்ள சிறு கழகங்களின் இதழ்களே முதலில் வெட்டுப்பட்டன. இன்னொரு மாற்றம் சட்டம் சார்ந்தது. அச்சில் வாங்கிய 1955ஆம் ஆண்டுத் தொகுதி நூலகத்தின் சொத்து. மின்வடிவில் வாங்குவது பார்க்கும் உரிமை மட்டுமே. சந்தா நின்றால், ஒப்பந்தத்தில் தனியாக எழுதியிருந்தாலொழிய, பணம் கட்டிய ஆண்டுகளின் இதழ்களும் கையை விட்டுப் போய்விடலாம். 2020 டிசம்பரில் மூன்று பெரிய பதிப்பாளர்கள், கட்டுரைகளைப் பதிப்பாளர் அனுமதியின்றி இலவசமாகத் தரும் சை-ஹப் தளத்துக்கு எதிராக தில்லி உயர் நீதிமன்றத்தை நாடியபோது, இந்திய விஞ்ஞானிகள் பலர் அத்தளத்துக்காக வாதாடினார்கள். சட்டத்தின் தீர்ப்பு எதுவாயினும், கூட்டமைப்புகளுக்குப் பிறகும் எவ்வளவு தேவை நிறைவேறாமல் இருந்தது என்பதற்கு அது சான்று.

2024 நவம்பர் 25இல் ஒன்றிய அமைச்சரவை ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. 2025 முதல் 2027 வரை மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய்; 30 பதிப்பாளர்கள்; ஏறத்தாழ 13,000 இதழ்கள்; 6,300க்கு மேற்பட்ட அரசு உயர்கல்வி, ஆய்வு நிறுவனங்கள்; ஏறத்தாழ 1.8 கோடி மாணவர்களும் ஆசிரியர்களும் ஆய்வாளர்களும். இதுவரை சொன்ன வரலாற்றின் இயல்பான முடிவுப் புள்ளி போலவே இது தோன்றும். படிப்பவர் பரமக்குடியில், பணம் கட்டுபவர் தில்லியில், இதழைத் தேர்பவர் ஆம்ஸ்டர்டாமிலும் நியூயார்க்கிலும். நான் இத்திட்டத்தை வரவேற்கிறேன். அதே சமயம், தேர்வு என்ற வேலையே நூலகரின் கையிலிருந்து முழுதாகப் போய்விட்டது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

பொதியில் இல்லாதவை

துறைக்குத் துறை தேவை மாறும். துகள் இயற்பியலாளருக்கு ஐந்து ஆண்டு பழைய கட்டுரையே பழையது. கடலுயிரிகளை வகைப்படுத்துபவருக்கு அப்படியில்லை. விலங்குப் பெயரிடலின் தொடக்கப்புள்ளி லின்னேயஸின் 1758ஆம் ஆண்டுப் பதிப்பு. அதற்குப் பின் ஓர் இனத்தைப் பற்றி யார் முதலில் விவரித்தாரோ அவருடைய விவரிப்பு இன்றும் செல்லும். மண்டபத்திலோ பரங்கிப்பேட்டையிலோ மன்னார் வளைகுடாவின் கடற்பஞ்சு ஒன்றைக் கையில் வைத்திருக்கும் ஆய்வாளருக்கு, சென்ற மாதம் வந்த இதழை விட, சென்னை அரசு அருங்காட்சியகம் 1927இல் வெளியிட்ட குருசடைத் தீவின் கரையோர உயிரினங்கள் பற்றிய ஏடு அவசரமாக வேண்டியிருக்கலாம். அது 13,000 இதழ்களில் ஒன்றன்று. எந்தப் பதிப்பாளரிடமும் விலைக்குக் கிடைப்பதன்று. பழைய உயிரியல் நூல்களில் ஒரு பகுதியைப் பல நாட்டு நூலகங்கள் சேர்ந்து 2006 முதல் இணையத்தில் இலவசமாகத் தந்து வருவது பேருதவி. இந்திய மாநில வெளியீடுகள், கல்லூரி ஆண்டு ஏடுகள், வேளாண்துறை, மீன்வளத்துறை அறிக்கைகள் ஆகியவற்றை நாமேதான் காக்க வேண்டும்.

பொதி வந்த பின் பல நூலகங்கள் இடமில்லை என்று அச்சுத் தொகுதிகளைக் கழித்துவிடும் போக்கு உள்ளது. மின்வடிவில் இருப்பதை வைத்துக்கொண்டு கழிப்பதில் ஓரளவு நியாயம் உண்டு. மின்வடிவில் எங்கும் இல்லாததும் அதே லாரியில் ஏறிவிடுகிறதா என்று பார்ப்பவர் வேண்டும். அதற்கு ஒவ்வொரு தொடரையும் தெரிந்த ஒரு நூலகர் தேவை. தேர்வு வேலை போய்விட்டது என்று அந்தப் பணியிடத்தை நிரப்பாமல் விடுவது தவறு. தேர்வின் இடம் மாறியிருக்கிறது: எதை வாங்குவது என்பதிலிருந்து எதை இழக்கக் கூடாது என்பதற்கு.

2027 டிசம்பரோடு இப்போதைய நிதி ஒதுக்கீட்டின் காலம் முடிகிறது. பதிப்பாளர்களோடு மீண்டும் பேசும்போது திட்டத்தை நடத்தும் மையத்தின் கையில் எந்த இதழ் எத்தனை முறை இறக்கப்பட்டது என்ற பயன்பாட்டுக் கணக்கு இருக்கும். பொதியில் இல்லாததால் கேட்டும் கிடைக்காதவை எவை என்பது அந்தக் கணக்கில் வராது. அதை ஒவ்வொரு பல்கலைக்கழக நூலகமும் துறைவாரியாகக் குறித்துவைத்துத் தர வேண்டும். பணம் கட்டிய மூன்று ஆண்டுகளின் இதழ்களுக்கு நிரந்தர அணுக்கம் ஒப்பந்தத்திலேயே எழுதப்பட வேண்டும். தமிழ்நாட்டில் பொறியியலும் அறிவியலும் படிப்பவர்களில் பெரும்பகுதியினர் சுயநிதிக் கல்லூரிகளில் இருக்கிறார்கள். முதல் கட்டத்தில் அவர்களுக்கு இடமில்லை. அவர்களைச் சேர்ப்பதற்கான பேச்சு அடுத்த ஒதுக்கீடு வரை காத்திருக்காமல் இப்போதே தொடங்க வேண்டும்.